உயிர்ச் சொத்து

ஹார்டாங்கர் ஃபியோர்டின் இடுக்கில் பதினாறு கூண்டுகள்.
ஒவ்வொன்றும் ஒரு தெப்பக்குளத்தின் அகலம்,
ஆழம் அதைவிட.
ஓஸ்லோவிலிருந்து மீன் எண்ண வந்திருக்கிறாள் இங்குன்,
தணிக்கை நிறுவனத்தில் மூன்றாம் ஆண்டு.
நகரத்துக் காலணியோடு வந்தவளைப் பார்த்துவிட்டு
தீனிப் படகின் ஔடுன்
தன் மகளின் ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தான்.
ஒரு சுற்றுப் பெரிசு.

மீனை எண்ண முடியாது.
நீருக்கடியில் கேமரா எண்ணும்.
அது சொன்னதை இவள் நம்பவேண்டும்,
நம்பியதற்குக் கையெழுத்துப் போடவேண்டும்.
பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம்.
சராசரி எடை மூன்று கிலோ அறுநூறு.
காலையில் செத்து மிதந்தவை இருநூற்றுப் பதினொன்று,
கழித்தாயிற்று.
ஏட்டில் இவற்றுக்கு உயிர்ச் சொத்து என்று பெயர்.

விற்பவர்கள் ஹவ்நெஸ் குடும்பம்.
அண்ணன் தம்பி மூன்று பேர், பேச்சு நின்று ஆறு வருஷம்.
பெர்கனில் ஒரு மேசைக்கு மூன்று வக்கீல்கள்
மூன்று தண்ணீர்க் குவளைகளோடு வருகிறார்கள்.
பங்கு உள்ளவன் பங்காளி.
அதற்குமேல் விளக்க
நமக்கு ஒரு நார்வேக்காரர் தேவையில்லை.

வாங்குபவர்கள் ட்ரோண்ட்ஹைமில்.
அடுத்த வசந்தத்தில் பங்குச் சந்தைக்குப் போகிறார்கள்.
அதற்குள் சதை பிடிக்கவேண்டும் என்று
இந்தக் குளிரில் மட்டும் மூன்று கம்பெனிகளை விழுங்கியிருக்கிறார்கள்.
மீனுக்கு முறை வேறு:
சந்தைக்கு முன்னால் ஒரு வாரம்
பட்டினி.

கையகப்படுத்தல் என்கிறோம்.
சொல்லின் முதலிலேயே ஒரு கை இருக்கிறது பாருங்கள்.
விரல் எப்போது மூடும் என்று மட்டும்
அது சொல்வதில்லை.

இரவு மிதவை அறையில் மடிக்கணினி.
மழை, தகரக் கூரையில், நிற்கிற உத்தேசம் இல்லாமல்.
மூன்றாவது தாளில்
"இணைப்பால் வரும் மிச்சம்" என்றொரு பத்தி.
முப்பத்தோராவது வரி:
தீனி இயக்கம், இனித் தொலைவிலிருந்து.
ஆண்டுக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் குரோனர்.
எண்ணிக்கை: பதினான்கு.
பெயர்கள் இல்லை. சராசரி எடையும் இல்லை.
கூட்டல் சரியா என்று பார்த்தாள்.
சரியாக இருந்தது.

காபி கொண்டுவந்த ஔடுன் கேட்டான்:
"இங்கே ஏதாவது மாறுமா?"
ரகசியம் காப்பதாக
எட்டுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் இங்குன்.
"மீன்களுக்கு ஒன்றும் ஆகாது" என்றாள்.
அவன் கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை
அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

கையெழுத்தான நள்ளிரவு
பதினெட்டு லட்சம் மீன்களும் கை மாறின.
கூண்டுக்குள் எப்போதும்போல
இடமிருந்து வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.
காலை ஏழுக்குத் தீனி விழுந்தது.
தூவியது இன்னும் ஔடுன்தான்,
மார்ச் முடியும்வரை.

மே மாதம் மணி அடித்தார்கள்.
முதல் நாளே பதினொரு சதவீதம் ஏற்றம்.
யாரோ கேக் வெட்டினார்கள், மீன் வடிவத்தில்,
வால் பக்கம் கொஞ்சம் சரிந்துபோய்.
விளக்க அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இங்குனின் எண் இருந்தது,
செத்த இருநூற்றுப் பதினொன்று போக.

அவசரத்தில் பூட்ஸைப் போட்டபடியே படகு ஏறிவிட்டாள்.
அனுப்பலாம் என்றால்
தீனிப் படகின் முகவரி இப்போது ட்ரோண்ட்ஹைமில்
ஓர் ஏழாம் மாடி.
பயணச் செலவுப் படிவத்தில் தேடினாள்,
இதற்குக் கட்டம் இல்லை.

ஓஸ்லோவில் பனி உருகிச் சேறாகும் நாள்களில்
இரண்டு காலுறை போட்டு அதில்தான் வேலைக்குப் போகிறாள்.
அப்படியும் முன்னால்
ஒரு விரல் இடம்
காலியாகவே இருக்கிறது.